உல்சானில் எனக்கும் வேர்த்தது

தோத்துப்போட்டு வர்றேன்னு மட்டும் நெனச்சுக்காத அம்மிணி. போகையில ரெண்டு பேரு போனோம், வரையில நான் ஒருத்தி வர்றேன். கேக்கறவங்க எல்லாம் அப்படித்தான் நெனப்பாங்க. நீயும் கோயமுத்தூருதான, நாளைக்கு எங்கயாச்சும் கண்ணாலத்துல பாத்தா நாலு பேருகிட்டச் சொல்லுவ. அதுக்கு இப்பவே நடந்ததை நடந்தபடி கேட்டுக்க. பிளேனு எறங்கறதுக்கு இன்னும் நேரம் கெடக்குது.

எம்பேரு தெய்வானை. கணபதியில எங்க ஊட்டுக்காரரு மோட்டார் பட்டறை வெச்சிருக்கறாரு. ஒரே பையன், கவின். கொரியாவுல உல்சான்னு ஒரு ஊரு, அங்கன கப்பல் கட்டற எடத்துல எஞ்சினீயரு. மருமக அபிநயா. அவளுக்கு இப்ப எட்டாம் மாசம். ஊருக்கு அனுப்புடான்னேன், டாக்டரு பிளேன்ல போகக் கூடாதுன்னுட்டாங்களாம். அப்ப ஆரோ ஒருத்தர் போயி இருந்து பாக்கோணும்ல? இவங்க குடியிருக்கற ஊடு ஒரே ரூமு, கூட ஒருத்தர்தான் தங்க முடியும். அதனால கவின் போன்ல சொன்னான், "அம்மா, நீங்களும் வாங்க, அத்தையையும் கூட்டிட்டு வாங்க. பத்து நாளு ஊரு சுத்திப் பாருங்க. மூணு மாசம் ஆரு தங்கறதுன்னு நீங்க ரெண்டு பேருமே பேசி முடிவு பண்ணிக்குங்க. கடைசி நாளு சாப்பாட்டுல கேப்பேன்." அப்படின்னு தலைவலியைத் தூக்கி எங்க மடியில வெச்சுப்போட்டான்.

தலைப்பிரசவம் பொண்ணூட்டுலதான் பாக்கறது மொறை. எனக்குத் தெரியாதா? ஆனா பொண்ணூடு காங்கயத்துல இருக்குது, பிரசவம் கொரியாவுல ஆகுது. கொரியாவுல இருக்கறது ஆரூடு? என்ற பையன் ஊடு. அப்ப ஆரு இருக்கோணும்? நீயே சொல்லு. நீ சிரிக்கற. சிரிக்காத, ஞாயத்தைச் சொல்லு.

சம்பந்தியம்மா பேரு விசாலாட்சி. நல்லவங்கதான், நான் ஒண்ணும் குத்தம் சொல்லல. ஊட்டுக்காரரு தவறிப்போயி வருசம் ஆச்சு, இந்த ஒரு பொண்ணுதான். ஆனா வாயத் தொறந்தா ஒரே பேச்சு, "நீங்க சொன்னாச் சரிங்கக்கா." மாப்பிள்ளையழைப்புல இருந்து இந்த ஒரே பாட்டு. மண்டபம் எதுன்னாலும் சரிங்கக்கா, சீரு எப்படின்னாலும் சரிங்கக்கா. இப்படி ஒரு சம்பந்தி கெடச்சா மனுசி எப்படிச் சண்டை போடறது? எனக்குக் கையெல்லாம் ஊறும். எதுத்துப் பேச ஆளே இல்ல.

அப்ப நேரா கேட்டிருக்கலாமே, சரிங்கக்கான்னு சொல்லிப்போட்டுப் போயிருப்பாங்களேங்கற. சொல்லியிருப்பாங்க. ஆனா கேட்டு வாங்கினா அதுல என்ன மரியாதை? அவங்களாவே பாத்து, "இந்த ஊருக்கு அக்காதான் லாயக்கு"ன்னு சொல்லோணும். அதுக்காக நான் கொரியாவே எனக்குப் பழகின ஊரு மாதிரி நடமாடுனேன்.

மொத நாளே கடலோரமா ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனான். அந்த நாட்டுலயே அங்கனதான் பொழுது மொதல்ல மொளைக்குதாமா. பொழுது மொளைக்கறதைப் பாக்கக் காரு ஏறிப் போன ஆளு நாங்கதான். எங்கூட்டு மொட்டை மாடியில துணி காயப்போடப் போனா அது பாட்டுக்கு வருது. காத்துன்னா காத்து, அப்படியே காதைப் புடிச்சுத் திருகுது. அபிநயா ஒரு பஞ்சு வெச்ச காது மூடி நீட்டுனா. சம்பந்தியம்மா வாங்கி மாட்டிக்கிட்டாங்க. நான் வேண்டாம்னுட்டேன். "இதெல்லாம் ஒரு குளுரா? ஊட்டியில நான் முழுக்கை வெச்ச ரவிக்கை கூடப் போட மாட்டேன்"னு சொன்னேன். பல்லு மட்டும் தானா கடகடன்னு அடிச்சுது. அது பிளேன்ல வந்த அலுப்பு.

பொறகு ஆத்தோரமா மூங்கக் காடு. அப்பறம் திமிங்கலத்தோட எலும்பை நிறுத்தி வெச்சிருக்கற ஒரு எடம். சம்பந்தியம்மா எல்லாத்தையும் "எவ்வளவு அழகுங்கக்கா"ன்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. எனக்கு என்னமோ அந்த ஊர்ல பட்டறைங்கதான் புடிச்சுது. கண்ணுக்கெட்டற மட்டும் குழாயும் பொகைபோக்கியும். கப்பல் கட்டற எடத்துல ஒரு கிரேன் நிக்குது, அண்ணாந்து பாத்துக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு. எங்க ஊட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவரு மருமக எப்படியிருக்கறான்னு கேக்கல, கிரேன் எத்தனை டன்னு தூக்கும்னு கேட்டாரு. ஆம்பளைங்க புத்தி.

சந்தைக்குப் போனோம் பாரு, அதுதான் என்ற எடம். மொளகாப் பொடியை மூட்டை மூட்டையா வெச்சிருக்கறாங்க, நல்லெண்ணெய் கண்ணு முன்னாடியே ஆட்டிக் குடுக்கறாங்க, நெத்திலிக் கருவாடே பத்து தினுசு. எனக்கு உசிரு வந்துருச்சு. நெத்திலிக்காரிகிட்ட நான் தமிழ்லயே பேரம் பேசுனேன். அவ அவ பாசையில பேசுனா. பேரத்துக்குப் பாசை எதுக்கு? மூஞ்சியைச் சுளிக்கோணும், பையைக் கீழ வெக்கோணும், ரெண்டு எட்டு நடக்கோணும், அவ்வளவுதான். ஆனா ஒரு காசு கொறைக்கல அவ, கல்லுளிமங்கி. சரி தொலையட்டும்னு வாங்கினேன். சம்பந்தியம்மா பேசவே இல்ல. சொன்ன வெலையைக் குடுத்துப்போட்டுச் சிரிச்சாங்க. அந்தப் பொம்பளை என்ன பண்ணுனா தெரியுமா? அவங்க பையில ரெண்டு கை நெத்திலி கொசுறு அள்ளிப் போட்டா! கொரியாவுலயும் கொசுறு இருக்குது அம்மிணி. எனக்கில்ல. கவின் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

"அக்கா, நீங்க பாதி எடுத்துக்குங்க"ன்னு பையை நீட்டுறாங்க. வேண்டாம்னுட்டேன்.

அங்க இருந்துதான் அந்தப் பழைய ஊட்டுக்குப் போனோம். அபிநயாதான் ஏற்பாடு. ஓட்டு ஊடு, மரத் தூணு, கதவெல்லாம் காயிதம். ஆமா, காயிதம் ஒட்டுன கதவு. கொரியாக்காரங்க அந்தக் காலத்துல இருந்த மாதிரியே நாலு நாளு தங்கலாமாம். ஊட்டுக்காரம்மா என்ற வயசு இருப்பாங்க, சிரிச்ச மூஞ்சி. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு ரூமு, பசங்களுக்கு அக்கட்டால ஒண்ணு. உள்ளாற போயி கட்டிலைத் தேடுறேன், கட்டிலே இல்ல. தரையில மெத்தை விரிச்சுப் படுக்கறதாமா. ஏனம்மிணி, தரையில படுக்கறதுக்கு ஆராச்சும் வாடகை குடுப்பாங்களா? எங்கூட்டுல வந்தா சும்மாவே படுத்துக்கலாம்.

அபிநயா சொன்னா, "இது வெறகு எரிக்கற ஊடு அத்தே. வெளிய அடுப்புல தீ போடுவாங்க, தரைக்கடியில சூடு போகும். உங்க இடுப்பு வலிக்கு நல்லதுன்னுதான் தேடிப் புடிச்சேன்." நல்ல எண்ணம்தான், நான் இல்லீங்கல. ஆனா எடம் போட்டாங்க பாரு, அங்கதான் வெனை.

அந்த ஊட்டுக்காரம்மா என்ற கையப் புடிச்சு அடுப்படிச் செவுத்தோரமா கூட்டிட்டுப் போயி, தரையைத் தட்டித் தட்டி உக்காரச் சொல்றாங்க. அந்த எடத்தைப் பாத்தேன். தரைக்கு எண்ணெய்க் காயிதம் ஒட்டியிருக்கறாங்க, எல்லா எடத்துலயும் மஞ்சளா இருக்குது, அங்க மட்டும் கருகுன தோசையாட்டப் பழுப்பேறிக் கெடக்குது. செவுத்துக்கு அந்தப் பக்கம் அடுப்பு. அந்தக் கோடியைப் பாத்தா, பூவு வரைஞ்ச தடுப்பு ஒண்ணு நிக்குது, பித்தளைப் பூட்டுப் போட்ட பொட்டி, மேல பட்டு மெத்தை அடுக்கியிருக்குது. எது கௌரவமான எடம்? கண்ணிருக்கறவங்க சொல்லட்டும். என்னை அடுப்படியில உக்கார வெச்சுப்போட்டுச் சம்பந்தியம்மாளைப் பட்டு மெத்தைப் பக்கம் உடறாங்க! மாப்பிள்ளையோட அம்மா நானு! சம்பந்தி ஒறம்பரைக்குச் செய்யற மொறை தெரியாத ஊரு போலன்னு நெனச்சேன்.

நான் எந்திரிச்சு நேரா அந்தக் கோடிக்குப் போயி உக்காந்துக்கிட்டேன். ஊட்டுக்காரம்மா பதறிப்போயி மறுபடியும் கையப் புடிச்சு இழுக்குது. நான் அசையல. அபிநயா, "அத்தே, அந்தப் பக்கம் வந்து..."ன்னு ஆரம்பிச்சா. "எனக்குத் தெரியும் கண்ணு, நீ போயிக் காலை நீட்டி உக்காரு"ன்னுட்டேன்.

சம்பந்தியம்மா அடுப்படிச் செவுத்தோரம் உக்காந்தாங்க. சித்த நேரத்துல, "அக்கா, இங்கன வந்து தொட்டுப் பாருங்க, தரை நல்லாச் சுடுது"ன்னாங்க. அடுப்புக்குப் பக்கத்துல சுடாம என்ன பண்ணும்? பாவம், வெக்கையில உக்காந்திருக்கறாங்களேன்னு எனக்கு எரக்கமாக்கூட இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலைன்னு வெச்சுக்க. குளுரல. குளுருன்னு சொல்ல மாட்டேன். கீழ இருந்து ஒரு சில்லுப்பு ஏறுது, அவ்வளவுதான். தண்ணித் தொட்டி மேல மெத்தை போட்டுப் படுத்தாப்ல. கட்டியிருந்த சேலைக்கு மேல இன்னொரு சேலை, அதுக்கு மேல சால்வை, அதுக்கு மேல என்ற ஊட்டுக்காரருக்கு வாங்குன புதுச் சொட்டரு. எல்லாத்தையும் போட்டுக்கிட்டேன், பெட்டியில இருந்தா கசங்கிப் போயிருமேன்னுதான்.

வெடிஞ்சு எந்திரிச்சா சம்பந்தியம்மா தலைமாட்டுல சொட்டரு கழட்டி மடிச்சு வெச்சிருக்குது. மூஞ்சி பளபளன்னு இருக்குது. "ராத்திரியெல்லாம் வேர்த்துப் போச்சுங்கக்கா"ங்கறாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. இந்த ஊரு தனக்குத்தான் ஒத்துக்குதுன்னு குத்திக் காட்டறாங்கன்னு தோணுச்சு. நான் உடுவனா? "எனக்குந்தான் வேர்த்துச்சு, தலைகாணியே நனைஞ்சு போச்சு"ன்னேன். அவங்க என்ற தலையில சுத்தியிருந்த துண்டைப் பாத்தாங்க, கையில மாட்டியிருந்த சாக்ஸைப் பாத்தாங்க.

எடத்தை மாத்திக் கேட்டிருக்கலாமேங்கற. எப்படிக் கேக்கறது? நானாப் போயி உக்காந்த எடம். ஒரு நாளைக்கே எந்திரிச்சு வந்தா, மூணு மாசம் எப்படி இருப்பாங்கன்னு கேக்க மாட்டாங்களா?

சாப்பாட்டுலயும் இதே கூத்துதான். ஊட்டுக்காரம்மா சின்னச் சின்னக் கிண்ணத்துல பத்துப் பன்னெண்டு தினுசு கொண்டாந்து பரப்புது. புளிச்ச முட்டைக்கோசு, முள்ளங்கி, கீரை, இன்னும் பேரு தெரியாததெல்லாம். எலையில வெச்சதை மிச்சம் வெக்கக் கூடாதுன்னு வளந்தவ நானு. கிண்ணத்தைக் காலி பண்ணுனேன். காலியான உடனே அது ஓடிப்போயி ரொப்பிக் கொண்டாந்து வெச்சுது. மறுபடியும் காலி பண்ணுனேன். மறுபடியும் ரொப்புது. அந்த ஊர்ல கிண்ணம் காலியானா இன்னும் வேணும்னு அர்த்தமாமா. நான் மரியாதைக்குத் திங்கறேன், அது மரியாதைக்கு ரொப்புது. சம்பந்தியம்மா ஒரு துண்டு மிச்சம் வெச்சுக் கையைக் கட்டிக்கிட்டாங்க. கவின், "அம்மாவுக்குக் கொரியாச் சாப்பாடு ரொம்பப் புடிச்சுப் போச்சு"ன்னான். ஆமாடா கண்ணுன்னு சொல்லிப்போட்டு நாலாவது கிண்ணமும் தின்னேன். வவுறு கல்லாட்ட ஆயிப் போச்சு.

மறுநாள் இடுப்பு புடிச்சுக்கிச்சு. நிமிர முடியல. ஊரு சுத்துன அலுப்புன்னு சொல்லி மாத்தரை ஒண்ணு போட்டேன். மாத்தரை போட்டா எனக்கு இடி விழுந்தாலும் தெரியாது.

காலையில முழிச்சா, அடி சாமி, ஒடம்பெல்லாம் எளகிக் கெடக்குது. கீழ இருந்து கதகதன்னு ஏறுது, இடுப்பு வலி போன எடம் தெரியல. கண்ணைத் தொறந்து பாத்தா நான் அடுப்படிச் செவுத்தோரம் கெடக்கறேன். அந்தப் பழுப்பு எடத்துல! சம்பந்தியம்மா அந்தக் கோடியில தடுப்புக்குக் கீழ சுருண்டு கெடக்கறாங்க.

"நீங்க தூக்கத்துல உருண்டு வந்துட்டீங்கக்கா, எழுப்ப மனசில்லாம நான் அங்க போயிப் படுத்துக்கிட்டேன்"னாங்க. உருண்டிருப்பேன். சின்ன வயசுல இருந்தே எனக்கு உருள்ற பழக்கம். ரூமோட அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடிக்கு, மெத்தை, தலைகாணி, போர்வை, கால்மாட்டுல வெச்சிருந்த சொம்பு, எல்லாத்தோடயும் உருண்டு வந்திருக்கறேன், பாத்துக்க.

காப்பி குடிக்கையில அந்த ஊட்டுக்காரம்மாளும் சம்பந்தியம்மாளும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து ஒரே சிரிப்பு. அது ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி எதையோ இழுக்கற மாதிரி காட்டுது, அப்பறம் இடுப்பைப் புடிச்சுக்கிட்டு உஸ்ஸுங்குது. கெணத்துல தண்ணி சேந்துன கதையப் பேசறாங்க போலன்னு நான் உட்டுப்போட்டேன்.

ஆனா ஒண்ணு பண்ணுனேன். அவங்க பல்லு வெளக்கப் போயிருக்கையில, அந்தக் கோடியில அவங்க படுத்திருந்த மெத்தையைச் சித்தத் தூக்கி, தரையில கைய வெச்சுப் பாத்தேன். ஐஸு. கை விறைச்சுப் போச்சு. என்ற மெத்தைக்குக் கீழ வெச்சுப் பாத்தேன், சூட்டுல ரொட்டி சுடலாம். அப்பறம் அவங்க தலைகாணியைப் பாத்தேன். பக்கத்துல அந்தக் காது மூடி கெடந்துச்சு. காதை மூடிக்கிட்டுப் படுத்திருக்கறாங்க.

உள்ளாற வந்தாங்க. ஒதடு கருத்துப் போயிருக்குது. "தூங்குனீங்களா? அங்க குளுரா இருந்திருக்குமே?"ன்னு கேட்டேன். "இல்லீங்கக்கா, எனக்கு வேர்த்துச்சு"ன்னாங்க. அப்படியே மூஞ்சி மாறாம சொல்றாங்க அம்மிணி. எனக்கு அழுகை வந்துருச்சு. கோவமாவும் வந்துச்சு. என்ன பொம்பளை இவ, எதைக் கேட்டாலும் குடுத்துப்போட்டு வேர்த்துச்சுங்கறான்னு.

அன்னைக்கு ராத்திரியும் அதே மாதிரிதான். நான் அடம் புடிச்சு அந்தக் கோடியிலயே மெத்தை போட்டேன், மாத்தரை போடாமயே அசந்துட்டேன். காலையில பாத்தா மறுபடியும் உருண்டிருக்கறேன்.

அன்னைக்குத்தான் கடைசிச் சாப்பாடு. மத்தியானம், அந்த ஊட்டுத் திண்ணையிலயே எல்லாரும் உக்காந்தோம். ஊட்டுக்காரம்மா நண்டுக் கொழம்பு வெச்சிருந்துச்சு. பாதி தின்னுக்கிட்டு இருக்கையில கவின் கேட்டான். "சரி, ரெண்டு பேரும் பேசிட்டீங்களா? ஆரு இருக்கறீங்க?"

நாங்க எங்க பேசுனோம்? பத்து நாளும் நான் பேசுனேன், அவங்க சரிங்கக்கான்னாங்க. நான் சோத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். சம்பந்தியம்மா தொண்டையைச் செருமிக்கிட்டு, "அக்காவே இருக்கட்டும் மாப்பிள்ளை. அவங்களுக்கு இந்த ஊரு நல்லா ஒத்துக்கிச்சு. சாப்பாடு புடிச்சுருச்சு, குளுரும் ஒண்ணும் பண்ணல. எனக்கும் ஊர்ல வேலை கெடக்குது"ன்னாங்க.

செயிச்சுப்போட்டேன். அவங்க வாயாலயே சொல்லிப்போட்டாங்க, நான் நெனச்ச மாதிரியே. மூணு மாசம், என்ற பையன் ஊட்டுல, என்ற பேரனோ பேத்தியோ என்ற கையில. அப்பத்தான் அபிநயாளைப் பாத்தேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நண்டுக் காலை ஒடைச்சுக்கிட்டே இருக்கறா, ஒடைச்சது வாய்க்குப் போகல. ஊர்ல வேலை கெடக்குதாமே! காங்கயத்துல பூட்டுன ஊட்டைத் தவிர என்ன கெடக்குது இந்தம்மாளுக்கு? இருக்கற ஒரு பொண்ணையும் எடுத்து என்ற எலையில வெச்சுப்போட்டு வேர்க்குதுன்னு சொல்லுவாங்க போலிருக்குது. சும்மா உட்டா இவங்க ஆரு கேட்டாலும் எல்லாத்தையும் குடுத்துருவாங்க. நாந்தான் கேக்காம இருக்கோணும்.

நான் வாயைத் தொறந்தேன். "என்னால முடியாதுடா கவினு. எனக்கு இந்த ஊருக் குளுரு ஆகாது"ன்னேன்.

எல்லாரும் என்னையே பாக்கறாங்க. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. பத்து நாளா ஊட்டிக் கதை பேசுன வாயி. ஆனா தொடங்குனதை முடிக்கோணும்ல? "மொத நாளு கடலோரத்துலயே எனக்கு உசிரு போச்சு. ராத்திரியெல்லாம் நடுங்குனேன். அந்தப் புளிச்ச கோசும் எனக்கு ஆகல. என்னை ஊருக்கு அனுப்பி உடு, உங்கத்தை இருக்கட்டும். அவங்களுக்குத்தான் ஐஸு மேல படுத்தாலும் வேர்க்குது"ன்னேன்.

இந்தக் கவின் என்ன பண்ணுனான் தெரியுமா? சிரிச்சான். சும்மா இல்ல, பொறை ஏறற மாதிரி சிரிச்சான். "எனக்கு மொத நாளே தெரியும்மா, பல்லு அடிச்சது காரு வரைக்கும் கேட்டுச்சு"ங்கறான். பெத்த பையன்! நான் மானத்தைக் கழட்டி வெச்சுப்போட்டு உக்காந்திருக்கறேன், அவனுக்குச் சிரிப்பு. அபிநயாளும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதா, அழுதுக்கிட்டே அந்த நண்டை எடுத்துத் தின்னா. ஊட்டுக்காரம்மாளுக்கு ஒண்ணும் புரியல, என்ற கிண்ணம் காலியா இருக்குதுன்னு ஓடிப்போயி ரொப்பிக் கொண்டாந்துச்சு.

சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கல. ஏர்போர்ட்டுல என்ற கையப் புடிச்சுக்கிட்டு, "குளுருதுன்னு மொத நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களேக்கா"ன்னாங்க. "உங்களுக்குக் குளுருதுன்னு நீங்க சொன்னீங்களா?"ன்னு கேட்டேன். அதுக்கும் "நீங்க சொன்னாச் சரிங்கக்கா"ன்னு ஆரம்பிச்சாங்க. எனக்கு வந்துச்சு பாரு கோவம். "இந்தப் பேச்சை இன்னையோட உடுங்க. கொழந்தை பொறந்த உடனே நான் போன் பண்ணி, பேரு நாந்தான் வெப்பேன்னு சொல்லுவேன். அப்பவாச்சும் முடியாதுன்னு சொல்லுங்க. சொல்லலீன்னா மறுபடியும் கெளம்பி வந்துருவேன்"னு சத்தம் போட்டேன். போலீசுக்காரன் திரும்பிப் பாத்தான். அவங்க என்னை நிமிந்து பாத்து, மெதுவா, "முடியாதுங்கக்கா"ன்னாங்க. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. இனி ரெண்டு பேரும் நல்லாச் சண்டை போட்டுக்கலாம்.

அதனால நான் தோக்கல அம்மிணி. செயிச்சதைக் குடுத்துப்போட்டு வர்றேன். குளுருன்னு சொன்னது பூராவும் பொய்யி, அவங்களுக்காகச் சொன்னது. எனக்கெங்க குளுருச்சு?

சரி, நம்ம தலைக்கு மேல காத்து வருது பாரு ஒரு குழாயி, அதைச் சித்தத் திருகி மூடி உடு. அந்தப் போர்வையையும் இக்கட்டால குடு. எனக்கொண்ணும் இல்ல. உனக்குத்தான் சளி புடிச்சுக்கும்.